கருப்பைவாய்ப் பரிசோதனைக்குத் தபாலில் அழைத்தால் பெண்கள் வருவார்களா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் மகளிர் பிரிவின் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். சுற்றுக் கிராமங்களில் முகாம் நடத்தி, 30 வயதைக் கடந்த பெண்களுக்கு வி.ஐ.ஏ. முறையில் (அசிட்டிக் அமிலம் தடவி, வெண்மை தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது) கருப்பைவாய்ப் பரிசோதனை செய்து வருகிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்களை மறுபடியும் அழைக்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது. வாயால் சொல்லி அனுப்பினால் 'சரிம்மா, வர்றேன்' என்கிறார்கள், ஆனால் வருவதில்லை. தபாலில் நினைவூட்டல் அனுப்பலாம் என்று நான் சொன்னதற்கு, 'இந்தக் காலத்தில் கடிதத்தை யார் படிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா' என்கிறது நிர்வாகம். சோதனையாகச் சிலருக்கு போஸ்ட் கார்டு அனுப்பினோம். அதில் 'கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவும்' என்று அச்சடித்திருந்தோம். ஒரு வீட்டில் அந்தக் கார்டை மாமியார் வாங்கியிருக்கிறார். மருமகளுக்குப் புற்றுநோய் என்று தெரு முழுவதும் பேச்சாகிவிட்டது. அந்தப் பெண் இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். தபால் நினைவூட்டல் உண்மையில் பயன் தருமா? தருமென்றால் அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது? கடிதம் போயும் வராதவர்களை என்ன செய்வது?

— ஒரு செவிலியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தபால் பயன் தரும். நிர்வாகத்திடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தராது. வரும் எண்ணம் இருந்தும் வேலையில் மறந்துபோனவரைக் கடிதம் அழைத்து வரும். பயத்தாலோ கூச்சத்தாலோ ஒதுங்கி நிற்பவரை அது பெரும்பாலும் அழைத்து வராது. பரிசோதனையில் மாற்றம் தெரிந்த பிறகு சிகிச்சைக்கு வராமல் இருப்பவரைக் கடிதத்தின் பொறுப்பில் விடவே கூடாது. உங்கள் பதிவேட்டில் இந்த மூன்று வகைப் பெண்களும் ஒரே பட்டியலில் கலந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தபால்தலை வாங்குவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பிரித்து எழுதுங்கள்.

கடிதத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல சான்று. அங்கே 1960-களிலிருந்தே, கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை இருந்தது. ஆனால் தாமாக வந்தவர்களுக்கு மட்டும் செய்ததால், வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள், ஆபத்து அதிகமாக இருந்த பலர் வெளியிலேயே நின்றார்கள். 1988-இல் பெண்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றி, உரிய வயது வந்ததும் ஒவ்வொருவருக்கும் வீட்டு முகவரிக்கு அழைப்புக் கடிதம் போகும்படியும், வராதவருக்கு மறுகடிதம் போகும்படியும் செய்தார்கள். அந்த ஆண்டில் உரிய வயதினரில் 42 சதவீதம் பேரை எட்டியிருந்த பரிசோதனை 1994-இல் 85 சதவீதத்தை எட்டியது, புதிய நோயாளிகளின் எண்ணிக்கையும் இறங்கியது. இந்தப் புகழ் முழுவதையும் கடிதத்துக்குக் கொடுப்பது நியாயமாகாது. அதே காலத்தில், இலக்கை எட்டிய குடும்ப மருத்துவர்களுக்கு அரசு ஊக்கத்தொகையும் கொடுத்தது. 1960-களின் தொடக்கத்திலேயே மக்கள்தொகைப் பதிவேட்டைப் பார்த்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெண்களை அழைக்கத் தொடங்கிய பின்லாந்தில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இரண்டு நாடுகளிலும் கடிதத்துக்குப் பின்னால் முழுமையான ஒரு பட்டியல் இருந்தது. யாரை அழைக்க வேண்டும், யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அந்தப் பட்டியல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதே இங்கிலாந்தில் 2023 மார்ச் இறுதியில் இந்தப் பரிசோதனையின் வீச்சு 68.7 சதவீதமாக இருந்தது. எட்ட வேண்டிய இலக்கு 80. கடிதங்கள் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, ஆனாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் உரிய காலத்தில் வருவதில்லை. கடிதத்தால் முடிவதும் முடியாததும் 85, 68.7 என்ற இந்த இரண்டு எண்களிலும் தெரிகின்றன. பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுரைகளும் அழைப்புக் கடிதம் வருகையைக் கூட்டுகிறது என்றே சொல்கின்றன. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை வசதி படைத்த நாடுகளில் நடந்தவை. வீட்டு எண்ணும் தெருப்பெயரும் ஒழுங்காக உள்ள ஊரின் முடிவை, பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு எண்களோடு வாழும் நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நம் மாநில நிலவரம் உங்களுக்குத் தெரியாததில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் மட்டுமே. நாட்டின் சராசரி 1.9 என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பத்தில் ஒன்பது பெண்கள் பரிசோதனை மேசையைப் பார்த்ததே இல்லை என்பதும் அதே கணக்குத்தான். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி உடலில் தங்கி, திசுவில் மாற்றம் உண்டாக்கி, அது புற்றுநோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. தடுத்து நிறுத்துவதற்கு இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அந்த அவகாசத்துக்குள் ஒரு பெண்ணை நம்மிடம் வரவைக்க ஐந்து ரூபாய்த் தபால்தலை உதவுமானால், அதைச் செலவு என்று பேசுவதே தவறு.

இனி அந்த போஸ்ட் கார்டைப் பற்றிச் சொல்கிறேன். திறந்த அட்டையில் நோயின் பெயரை எழுதி அனுப்பக் கூடாது. ஐம்பது காசில் முடிகிறது என்பதற்காக இனி யார் சொன்னாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டிய உறையோ, ஓரம் ஒட்டிய இன்லேண்ட் லெட்டரோதான் வேண்டும். உறையின் மேல் மருத்துவமனையின் பெயர் இருக்கலாம், 'புற்றுநோய்' என்ற சொல்லும் 'மகளிர் புற்றுநோய்த் தடுப்புப் பிரிவு' போன்ற முத்திரையும் இருக்கக் கூடாது. அனுப்புநர் முகவரியைத் தெளிவாக எழுதுங்கள், அப்போதுதான் ஆள் இல்லாத கடிதம் உங்களிடமே திரும்பி வரும்.

உறையை ஒட்டிவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. நம் கிராமங்களில் ஒரு பெண்ணின் பெயருக்கு வரும் கடிதத்தை அவரே முதலில் பிரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மகன் பிரிப்பான், கணவர் பிரிப்பார், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். ஆகவே கடிதத்தின் ஒவ்வொரு வரியும், பத்து வயதுப் பேத்தி திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாலும் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் தராத வரியாக இருக்க வேண்டும். அதற்காகப் புற்றுநோய் என்ற சொல்லையே மறைத்து, 'பொது மருத்துவ முகாம்' என்று எழுதி வரவழைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். எதற்காக வருகிறோம் என்று தெரியாமல் வந்து, மேசையில் படுக்கச் சொன்ன பிறகு திகைக்கும் பெண் அடுத்த முறை வரமாட்டார், தன் தங்கையையும் வரவிட மாட்டார். ஆகவே, அவருக்கு நோய் இல்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, நோயின் பெயரை அதன் பிறகு ஓரிடத்தில் மட்டும், தடுப்பது என்ற பொருளில் எழுதுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. தனித்தனியாக ஆளைப் பொறுக்கி அனுப்பாமல், ஒரு தெருவில் உரிய வயதில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே நாளில் கடிதம் சேரும்படி அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால் அது பேச்சுக்கு இடம் கொடுக்கும். வரிசையாகப் பத்து வீட்டுக்கும் வந்தால், 'உனக்கும் வந்துச்சா, எனக்கும் வந்துச்சு, சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்' என்று பேச்சே நமக்கு உதவியாக மாறும். இதுவரை பரிசோதனையே செய்துகொள்ளாதவர்களும் இந்த வழியில் பட்டியலுக்குள் வருவார்கள். கிளை அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டரை முன்கூட்டியே பார்த்து, இன்ன வாரத்தில் இப்படிச் சில கடிதங்கள் வரும், அந்தந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தால் நல்லது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 'தங்களுக்கு வசதியான நாளில் வரவும்' என்று எழுதும் கடிதத்தை விட, நாளையும் நேரத்தையும் குறித்து அனுப்பும் கடிதத்துக்கு வலிமை அதிகம். இத்தாலியின் டூரின் நகரில் பலவகைக் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தன்னுடைய குடும்ப மருத்துவரின் கையெழுத்தோடும் முன்பே குறித்த நேரத்தோடும் வந்த கடிதத்துக்குத்தான் பெண்கள் அதிகம் வந்தார்கள். நம் ஊரில் அந்தக் குடும்ப மருத்துவரின் இடத்தில் இருப்பவர் நீங்கள். அறக்கட்டளைத் தலைவரின் கையெழுத்தை விட, முன்பு பரிசோதித்த செவிலியரின் பெயருக்கு அந்த வீட்டில் மதிப்பு அதிகம். இப்படி ஒரு கடிதத்தை நீங்கள் உங்கள் தேவைக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம்:

"அன்புள்ள திருமதி ………… அவர்களுக்கு வணக்கம். உங்களுக்கு நோய் இருக்கிறது என்பதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. 30 வயதைக் கடந்த பெண்கள் எல்லாருக்கும் இதை அனுப்புகிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எங்களிடம் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டீர்கள். அப்போது எல்லாம் நல்லபடியாக இருந்தது. புற்றுநோய் வராமலே தடுப்பதற்காகச் செய்யும் இந்தப் பரிசோதனையை மறுபடி ஒருமுறை செய்துகொள்ள வேண்டிய நேரம் இது. உங்களுக்காக ……… தேதி, ……… கிழமை, காலை ……… மணியை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பரிசோதிப்பவர் பெண் செவிலியர். அறையில் ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு வரலாம். பணம் எதுவும் கட்ட வேண்டாம். அன்று உங்களுக்கு வீட்டு விலக்காக இருந்தாலோ, வேறு வேலை இருந்தாலோ ……… என்ற எண்ணில் பேசுங்கள், வேறு நாள் தருகிறோம். கருப்பையை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாலும் அதே எண்ணில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு இல்லாத நாள்களில் ரத்தப்போக்கு இருந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ இந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்தால் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இப்படிக்கு, உங்கள் செவிலியர் ………"

இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். கருப்பைவாயின் படம், எச்.பி.வி. கிருமியின் விளக்கம், உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அவை கடிதத்தை நீட்டுமே தவிர, ஒரு பெண்ணைக் கூடுதலாக வரவைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதன்முறையாக அழைக்கப்படுபவருக்கு மட்டும் 'ஐந்து ஆண்டுகளுக்கு முன்' என்ற பகுதியை எடுத்துவிட்டு, மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பதுதான் பரிசோதனை, வெட்டுவதோ தைப்பதோ கிடையாது என்பதை எளிய சொற்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்க வேண்டாம் என்று எழுதிவிட்டால் அதைக் காப்பாற்றியாக வேண்டும். கடிதத்தோடு வந்த பெண்ணை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அடுத்த கடிதத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

கருப்பை எடுத்தவர்களைப் பற்றி ஏன் கேட்கச் சொன்னேன் என்றால், நம் பகுதியில் நாற்பது வயதுக்குள்ளேயே அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். வேறு காரணத்துக்காகக் கருப்பையையும் கருப்பைவாயையும் முழுவதுமாக எடுத்துவிட்டவருக்கு இந்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. புற்றுநோய்க்காகவோ அதற்கு முந்தைய மாற்றத்துக்காகவோ எடுத்திருந்தால் தொடர் கண்காணிப்பு தேவை. எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். இறந்துபோன ஒருவரின் பெயருக்கு அழைப்பு போய்ச் சேருவது அந்த வீட்டாரை எவ்வளவு நோகடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு ஊர்ப் பட்டியலையும் அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குப் பரிசோதனை 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இடைவெளியும் குறைவு. அவர்களைக் கடிதத்தில் அழைக்காமல், அவர்கள் மருந்து வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் வழியாக அழைப்பதுதான் பாதுகாப்பு.

முகவரி எழுதும் விஷயத்தில் முகாம் நாளிலேயே கவனம் வேண்டும். 'க/பெ' போட்டுக் கணவர் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல், 'உங்கள் வீட்டைத் தபால்காரருக்கு யார் பெயரைச் சொன்னால் தெரியும்?' என்று கேளுங்கள். மாமனார் பெயரையோ, வீட்டுக்கு ஊரில் வழங்கும் பெயரையோ சொல்வார்கள், கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பெயர்தான். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டு, பதிலைப் பதிவேட்டில் ஒரு கட்டமாக எழுதிக்கொள்ளுங்கள்: 'அடுத்த முறை அழைக்கும்போது வீட்டுக்குக் கடிதம் போடலாமா, போன் செய்யலாமா, சிஸ்டர் அம்மா வழியாகச் சொல்லி அனுப்பலாமா?' கடிதம் வேண்டாம் என்று சொல்பவருக்குக் காரணம் இருக்கும், அதைக் கேட்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் போதுமே என்று சொல்லும் நிர்வாகத்தினரிடம், பதிவேட்டில் உள்ள எண்களில் எத்தனை அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் போன் என்று கேளுங்கள். பல வீடுகளில் அது கணவரின் எண்ணாகவோ, திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் மகனின் எண்ணாகவோ இருக்கும். எண் மாறிவிட்டால் செய்தி யாருக்குப் போனது என்றே தெரியாது, வாசற்படி ஏறும் கடிதமோ ஆள் இல்லையென்றால் திரும்பி வரும். போனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிதம் கிடைத்திருக்கும் என்று நம்பக்கூடிய நாளில், குறித்த தேதிக்கு முந்தைய மாலையில், ஒரு பெண் குரலில் 'நாளைக்கு உங்களுக்கு நேரம் வச்சிருக்கோம்மா, வர்றீங்களா?' என்று பேசினால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். அந்தப் பேச்சிலும் எடுத்தவர் யார் என்று தெரியும் வரை பரிசோதனையின் பெயரைச் சொல்லக் கூடாது.

தேதியைக் குறிக்கும்போது சம்பா நடவையும் தை அறுவடையையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாள்களில் கூலியை விட்டுவிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாத பெண் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஊர்களில் காலை வருகைப்பதிவு முடிந்த பின் வரும்படி நேரம் கொடுங்கள்.

வராதவர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் கடிதத்துக்கு வராதவருக்கு, ஆறு வாரம் கழித்துப் புதிய தேதியோடு இன்னொரு கடிதம் அனுப்பலாம். அதற்கும் வரவில்லை என்றால் மூன்றாவது கடிதம் வேண்டாம். அவர் மறந்துபோய் வராமல் இல்லை, வர மனமில்லாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஆள் போக வேண்டும். ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணோ, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியோ, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலரோ போய்ப் பேசினால், கடிதத்தால் அசைக்க முடியாத தயக்கம் அசையக் கூடும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-க்கும் 2003-க்கும் இடையில் நடந்த பெரிய ஆய்வு உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே பயிற்சி பெற்ற செவிலியர்களே வி.ஐ.ஏ. பரிசோதனை செய்தார்கள். 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது ஏறத்தாழ 64 சதவீதம் பேர், வந்தார்கள். அந்த ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால் இந்த நோயின் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. நம் மாநிலத்துக் கிராமப் பெண்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்று சொல்பவருக்கு இந்த எண்களைக் காட்டுங்கள்.

மேசையில் படுக்கவே மனம் வராத பெண்களுக்கு, தாமே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் இதை எல்லாப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி எதனோடாவது சேர்ந்து அந்த வசதி உங்கள் பகுதிக்குக் கிடைத்தால், இரண்டு கடிதத்துக்கும் வராதவர்களுக்கு அதை முதலில் கொடுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வி.ஐ.ஏ.யில் மாற்றம் சரியாகத் தெரியாது என்பதால் ஐம்பதைக் கடந்தவர்களுக்கும் அதுவே பொருத்தம். எல்லாம் சொல்லியும், புரிந்துகொண்டும், வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும். 'விருப்பம் இல்லை' என்று தேதியோடு எழுதிவைத்து, அடுத்த சுற்றில் மரியாதையாக மறுபடி கேளுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது மூன்றாவது வகையினரைப் பற்றித்தான். நான் சொன்ன திண்டுக்கல் ஆய்வில், அவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்ந்தும், முன்நிலை மாற்றம் உறுதியான 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். ஆய்வுக் குழு முழுநேரமாக உழைத்த இடத்திலேயே நாலில் ஒருவருக்கு மேல் கைநழுவினார்கள் என்றால், இரண்டு செவிலியரும் ஒரு பதிவேடும் உள்ள உங்கள் மருத்துவமனையில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வி.ஐ.ஏ.யில் வெண்மை தெரிந்த பெண்ணை 'பெரியாஸ்பத்திரிக்குப் போங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் பலர் போவதில்லை. பரிசோதித்துப் பார்க்காமலே விட்டதை விட இது மோசம். நோய்க்கு முந்தைய நிலையில் அவரைக் கண்டுபிடித்த பிறகு இழக்கிறோம். இவர்களுக்காகச் சிவப்பு அட்டை போட்ட ஒரு தனிப் பதிவேடு வையுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொறுப்பாளர் ஒருவர் பெயரை எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் போன், அடுத்த வாரத்துக்குள் நேரில் சந்திப்பு, கால்போஸ்கோப்பி (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் அடுத்த பரிசோதனை) நாளன்று உங்கள் ஊழியர் ஒருவர் உடன் போவது என்று முறை வையுங்கள். தகுதியுள்ளவர்களுக்குப் பரிசோதித்த அன்றே வெப்ப முறையிலோ கிரையோ (உறைய வைக்கும்) முறையிலோ சிகிச்சை செய்ய உங்கள் மருத்துவமனையில் கருவியும் பயிற்சியும் கிடைத்தால், இந்தப் பதிவேட்டில் ஏறும் பெயர்களே குறைந்துவிடும். தபால்தலைக்கு ஒதுக்கும் பணத்துக்கும் இதற்கும் போட்டி வந்தால், கடிதத்தை ஆறு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

நல்லபடியாக இருப்பவருக்கும் முடிவைச் சொல்லி ஒரு கடிதம் போக வேண்டும். 'ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்' என்று நம் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள், முடிவு கிடைக்காமல் போன ஒருவரும் அப்படியே நினைத்துவிடக் கூடும். அடுத்து எந்த ஆண்டில் வர வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கார்டு போய்ப் பேச்சான அந்த வீட்டுக்கு இன்னொரு கடிதம் அனுப்ப வேண்டாம். நீங்களே போங்கள், கிராம சுகாதாரச் செவிலியரையும் அழைத்துக்கொண்டு, அந்தப் பெண் தனியாக இருக்கும் வேளையில் போங்கள். தவறு மருத்துவமனையுடையது என்று அவரிடம் தெளிவாகச் சொல்லி வருத்தம் தெரிவியுங்கள். மாமியாரிடமும் தெருவிலும் பேச வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் சரி என்றால், உங்கள் அடுத்த கடிதச் சுற்றை அந்தத் தெருவிலிருந்து தொடங்குங்கள், மாமியார் உரிய வயதுக்குள் இருந்தால் அவர் பெயருக்கும் ஒரு கடிதம் சேரட்டும். பரிசோதனைக்கு உங்களிடம் வரக் கூச்சமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்பாடு செய்து கொடுங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனை முதலில் தஞ்சாவூரிலும் தேனியிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது. உங்கள் மாவட்டத்துச் செவிலியர்களுக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு.

அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன், உங்கள் ஓ.பி.யில் காத்திருக்கும் பெண்கள் நாலைந்து பேரிடம் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஒருவரும், படிக்கவே தெரியாதவர் ஒருவரும் அவர்களில் இருக்கட்டும். எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள், எந்த இடத்தில் 'அப்படின்னா என்னம்மா?' என்று கேட்கிறார்கள் என்று பார்த்து, அந்த வரிகளை அவர்கள் சொல்லும் சொல்லாலேயே மாற்றி எழுதிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.